இடம் கீது

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை வெள்ளைத்தாளில் தெளிவான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டு, காவல் நிலையத்தில் கொடுத்தவன் நான். இரண்டாவது முறை எழுதும் தகுதி எனக்கு இல்லை. மண்ணூர்பேட்டையில் உள்ள என் கட்டடத்தில் எல்லோரும் அவரை 'யக்கா' என்று கூப்பிட்டார்கள். நான் 'இந்தாம்மா' என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் அவருக்காகச் செலவழித்ததில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தக் கட்டடம் ஓய்வுப் பணத்தில் எழுந்தது. பத்து அறைகள், அறைக்கு நான்கு பேர். எல்லோரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஆண்கள். நான் அயனம்பாக்கத்தில், ஏரிப் பக்கம் குடியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து வருவேன். மற்ற நாட்களில் கட்டடம் அவர் கையில். படிக்கட்டைக் கூட்டுவார், மோட்டார் போடுவார், சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பார். அதற்குக் கொஞ்சம் சம்பளமும், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையும். அந்த அறையின் பின்பாதியில் நிமிர்ந்து நிற்க முடியாது. அவருக்கு வீடென்று இருந்தது அது ஒன்றுதான். வேறு போக்கிடம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவரை அங்கிருந்து வெளியேற்றினேன்.

காலியாக ஓர் இடம் கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அவரைப் பற்றிச் சொல்ல இருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான். வெயில் விழும் கொடிக்கயிறு சும்மா ஆடினால் யாருடைய ஈரத்துணியாவது அதில் ஏறிவிடும். பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்மைப் பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் பங்கையும் ஊற்றி வைக்கச் சொல்வார். ஒருநாள் என் ஸ்கூட்டர் பழுதாகி, எஸ்டேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். அவரும் அதில் இருந்தார். எனக்கும் ஓரத்துக் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓட்டுநரே நிறுத்த நினைக்காத இடத்தில், சாலையோரம் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "இடம் கீது, ஏறு ஏறு" என்று குரல் கொடுத்தார்.

"எங்கம்மா இடம் இருக்கு?" என்றேன்.

"மூச்ச உள்ள இஸ்துகினு குந்துங்க சார். எடம் தானா வரும்."

ஆட்டோவே சிரித்தது. நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். இடம் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு அப்படித்தான் தோன்றும். எதற்காகக் கொடுக்கிறார்கள்? இதில் இவர்களுக்கு என்ன லாபம்?

"சும்மா கெடக்கிற எடம் சும்மா கெடக்காது சார்" என்று அடிக்கடி சொல்வார். "மொதல்ல பல்லி வரும். அப்பால எலி வரும். கடசீல வக்கீல் வருவான்." வாடகைதாரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் சந்தேகம் அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் வளரும்.

ஒருமுறை நான்காம் எண் அறை பத்து நாட்களாகக் காலியாக இருந்தது. புதிதாக வருபவருக்குக் காட்டலாம் என்று கதவைத் திறந்தால், உள்ளே ஒரு கிழவர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு கண்ணில் பஞ்சுக்கட்டு.

"ரெண்டாவது மாடி பையனோட அப்பா சார்" என்று பின்னால் ஓடி வந்தார் அவர். "கண்ணு ஆபரேசன். பஸ்ல குலுங்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நாலு நாளு. கரண்டு கூட செலவில்ல, ஃபேன் போட்டா கண்ணு உறுத்துதாம்."

அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கிழவரிடம் தனியாகக் கேட்டேன். எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒன்றும் வாங்கவில்லை என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் ஒன்றைத் தந்தேன், அதைத் துவையல் அரைத்து எனக்கே போட்டது அந்தப் பொண்ணு என்றார். நான் நம்பவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். பார்வை சரியில்லாத ஒரு கிழவரின் முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்துப் பொய்யைத் தேடியவன் நான்.

அதன் பிறகு காலி அறைகளின் கதவிலும் நிலையிலும் சேர்த்து, மெல்லிய காகிதத் துண்டை ஒட்டி வைத்துவிட்டு வருவேன். கதவு திறந்தால் கிழியும். மூன்று வாரம் கழித்து அவர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். உள்ளே என் காகிதத் துண்டுகள், ஒன்றுகூடக் கிழியாமல்.

"வுழுந்துகினே கீது சார். பசை பத்தல போல."

கேலியா, வெகுளித்தனமா? அவர் முகத்தில் அன்றைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு உலகக் கோப்பைக் கிரிக்கெட் வந்தது. சில ஆட்டங்கள் சேப்பாக்கத்தில். இந்தியா ஆடும் நாள் நெருங்க நெருங்க, ஊருக்குள் தங்க இடமில்லை என்று செய்திகள் வந்தன. மைதானத்தைச் சுற்றியிருந்த விடுதிகளில் ஓர் இரவுக்கு என் அறையின் ஒரு மாத வாடகையைக் கேட்டார்களாம். எனக்கும் ஆசை வந்தது. அப்போது என் கட்டடத்தில் இரண்டு அறைகள் காலி. என் மகன் அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினான். நான்தான் வாடகையைச் சொன்னேன். அவனே தயங்கினான். "அப்பா, மண்ணூர்பேட்டைக்கு யாருப்பா இந்த ரேட்டுக்கு வருவாங்க?"

"வருவாங்க. வேற வழி இல்லாதவன் வருவான்" என்றேன்.

யாரும் வரவில்லை. அந்த இரண்டு அறைகளையும் பூட்டியே வைத்திருக்க வேண்டும், நான் சொல்லாமல் யாரையும் விடக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "சரி சார்" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆட்டம் நடக்கும் நாள் விடிந்ததும், ஆறரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். நைட் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் அது. படிக்கட்டில் இரண்டு வரிசைகளைப் பார்த்தேன். டிபன் பாக்ஸோடும் சிவந்த கண்ணோடும் என் வாடகைதாரர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நீல ஜெர்சியும் சுருட்டிய கொடியுமாக, முன்பின் பார்த்திராத இளைஞர்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுப்படியில் சந்தித்தவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

"பாய் சூடா இருக்கு மச்சான், போய் அப்படியே படு" என்றான் இறங்கியவன்.

"நீ கத்துற கத்துல எனுக்கும் சேத்து ஒரு சிக்ஸரு வாங்கிகினு வா" என்றான் ஏறியவன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் காலி அறைகள் பூட்டியே இருந்தன. ஆனால் மற்ற அறைகளில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போனவர்களின் பாய்கள் இரவெல்லாம் சும்மா கிடக்குமே! அதில்தான் ஊர் ஊராக வந்த ரசிகர்களைப் படுக்க வைத்திருந்தார். சேலம், ஓசூர், நெல்லூர். இறங்கி வந்த ஒருவனை நிறுத்திக் கேட்டேன்.

"திருவல்லிக்கேணில பாத்ரூம் வாசல்ல படுக்கறதுக்கே சொத்த எழுதிக் கேக்குறாங்க சார்" என்றான். "இங்க அக்கா குளிக்க வெந்நியும் குடுத்துச்சு. பட்டரவாக்கத்துல ரயில் ஏறுனா ஸ்டேடியம் எவ்ளோ தூரம்?"

நான் கீழே வந்து அவரைக் கூப்பிட்டேன். துடைப்பத்தோடு வந்தார்.

"என்னம்மா இது?"

"கிரிக்கெட்டுக்கு வந்த பசங்க சார். உங்க ரூமு ரெண்டும் பூட்டிதான் கீது. அத்த நான் தொடல."

"யாரைக் கேட்டு இவங்களை விட்டே?"

"பாய் யாருதோ அவன கேட்டேன். வாடகை குட்தவன் அவன். ராத்திரில அவன் கம்பெனில நிக்கிறான், அவன் எடத்துல அவன் விருந்தாளி படுக்கிறான். உங்களுக்கு இன்னா கஷ்டம் சார்?"

அவர் சொன்னது நியாயம். அடுத்தவர் பக்கம் நியாயம் இருந்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில்தான் கடைசியாக ஒருவன் இறங்கி வந்தான். ஒல்லியான இளைஞன். தமிழ் தெரியவில்லை, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் சரியாகப் பிடிபடவில்லை. பேச்சு வங்காளம் மாதிரி ஒலித்தது. அஸ்ஸாம் என்றான். அடையாள அட்டை கேட்டேன். ரயிலில் பை திருடு போய்விட்டதாம். பணம், கைப்பேசி, அட்டை எல்லாம் அதோடு போய்விட்டனவாம். ஆட்டத்தின் டிக்கெட் மட்டும் பிளாஸ்டிக் உறையில், பனியனுக்குள் இருந்ததால் தப்பியதாம். எடுத்தும் காட்டினான்.

எல்லாம் போய் டிக்கெட் மட்டும் எப்படித் தப்பும்? அவன் போட்டிருந்த இந்திய ஜெர்சிகூட எனக்கு வேஷமாகத் தெரிந்தது. எல்லை தாண்டி வந்தவன் என்று என் மனம் தீர்ப்பே எழுதிவிட்டது.

"இவனை எங்கே பிடிச்சே?"

"ஸ்டேசன்ல சார். நேத்து சாயங்காலம் டிக்கெட் கவுண்டர் பக்கம் குந்திகினு இருந்தான். அட்டை இல்லாதவனுக்கு எந்த லாட்ஜிலயும் எடம் இல்லியாம். கையால காட்டுனான், பாவம்."

"பாஷையே தெரியாம எப்படிம்மா நம்பினே?"

"தூக்கத்துக்கு இன்னா பாஷ சார்?"

நான் காவல் நிலையத்துக்குப் போனேன். அடையாளம் தெரியாத நபர்களை உரிமையாளருக்குத் தெரியாமல் தங்கவைக்கிறார், ஒருவன் வெளிநாட்டவனாக இருக்கலாம் என்று எழுதினேன். வார்த்தைகளை எடை போட்டு எழுதினேன். உதவி ஆய்வாளர் படித்துவிட்டு, "சார், நீங்க படிச்சவங்க, எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே நான் விசாரிக்காம விட முடியாது. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார். யோசித்துத்தான் எழுதினேன் என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு அந்த இளைஞனை அழைத்துப் போனார்கள். அவரும் கூடவே போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அப்போது சேப்பாக்கத்தில் ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நிலையத்துப் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவர், கையில் பாதி பிரித்த ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். ஊரில் அவன் அண்ணனோடு பேசிவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய் அட்டையின் நகலைத் தேடியெடுத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து படம் அனுப்ப வேண்டும். அதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு காவலர் தன் கைப்பேசியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவுத் திரையிலிருந்து அரங்கத்தின் இரைச்சல் எழும்போதெல்லாம் இவன் தலை நிமிரும். காவலர் அதைக் கவனித்துவிட்டு, கைப்பேசியை அவன் பக்கம் திருப்பி மேசைமேல் சாய்த்து வைத்தார். பனியனுக்குள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை அவன் அங்கே பார்த்தான்.

என்னைக் கண்டதும் அவர் நகர்ந்து பெஞ்சில் ஓரம் ஒதுக்கினார். "குந்துங்க சார். எடம் கீது."

நான் உட்காரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அட்டை நகலின் படம் வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. அவன் சொன்னது முழுக்க உண்மை. ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியன். இதைத் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. தோற்றுப்போன எரிச்சல். அந்த எரிச்சலோடு அன்றிரவே கட்டடத்துக்குப் போய், விடிந்ததும் அறையைக் காலி செய்யுமாறு அவரிடம் சொன்னேன்.

கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மத்தியானம் வரிக்கும் டைம் குடுங்க சார். காலீல ஒரு வேல கீது."

என்ன வேலை? காலையில் அவர் போனதும் நான் வந்து அவருடைய அறைக் கதவை ஆட்டிப் பார்த்தேன். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதையோ எங்கேயோ கொண்டுபோய் ஒளிக்கிறார் என்றே நினைத்தேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். சாமானை ஒரு பெரிய பையில் அடைத்தார். சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து, "ஆறாம் நம்பர் ரூம்ல பைப்பு ஒழுவுது, வாசர் மாத்துங்க" என்றார்.

பையைத் திறந்து காட்டச் சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடக்கூடாது. என் வாடகைதாரர்கள் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். அவர் காட்டினார். நாலு புடவை, ஒரு ஸ்டவ், ஒரு தலையணை, இரண்டு எவர்சில்வர் தட்டு. ஜிப் சிக்கிக்கொண்டது. நானே குனிந்து இழுத்து மூடினேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, ஆறாம் எண் அறையில் குழாயைச் சரிசெய்ய ஆள் கூட்டிப் போனபோது, நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். என்னிடம் அதுவரை அதிகம் பேசாதவர்.

"அந்த அஸ்ஸாம் பையன அக்கா மறுநாள் காலீல சேப்பாக்கம் இட்டுகினு போச்சு சார். உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேடியம் கேட்டு பூட்டி இருந்துச்சாம். கேட்டு முன்னாடி நிக்க வெச்சு, அங்க இருந்த ஆளோட போன்ல போட்டோ எடுத்து அவன் அண்ணனுக்கு அனுப்பிச்சு. அப்பால நாங்க சேத்துக் குட்த துட்டுல ரயிலேத்தி வுட்டுது. எங்க பாயில படுத்தவங்ககிட்ட நாங்க பைசா வாங்கல. அக்காவும் ஒரு டீ கூட குடிக்கல."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க யாரு சொன்னா நம்புவீங்க சார்?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அவர் திருமழிசையில் இருக்கிறார் என்று அதே வாடகைதாரர்தான் பிறகு சொன்னார். அங்கே தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களுக்கான ஒரு விடுதியில் சமையல். போவதற்கு எனக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

விடுதிக்குப் பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்தார். "வாங்க சார். சாப்ட்டீங்களா?"

நான் செய்தது தப்பு என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் வரவில்லை. "திரும்பி வந்துடுங்க. உங்க ரூம் அப்படியே இருக்கு" என்றேன். முதல் முறையாக அவரை 'ங்க' போட்டுப் பேசினேன் என்பது பேசிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அப்டியே கீதுன்னா? யாரு கீறாங்க அதுல?"

"யாரும் இல்ல. பூட்டியிருக்கு."

"மூணு மாசமாவா?"

அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. வெளியே போகச் சொன்னபோதுகூட இல்லை. இப்போது குரல் உயர்ந்தது.

"ஊரு முழுக்க எடம் இல்லாம சனம் லோல் படுது. மூணு மாசமா பூட்டி வெச்சிகினு என்னியாண்ட வந்து சொல்றீங்களே! எனுக்கோசரம் பூட்டி வெச்சீங்களா, இல்ல எவன் வருவானோன்னு பயந்துகினு பூட்டி வெச்சீங்களா? நெஜத்த சொல்லுங்க சார்."

"பயந்துதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இறங்கிவிட்டது. "நான் வரல. இங்க நாப்பது பொண்ணுங்க சோத்துக்கு என்னிய பாத்துகினு கீதுங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். வட்டமான முகம், நெற்றியில் ஒரு தழும்பு.

"இதுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீன்ல வேல கெடச்சிகீது சார். நாள கழிச்சி சேரணும். இங்கேர்ந்து ரெண்டு பஸ்ஸு, விடிகாலீல கெளம்பணும். எடம் தேடிகினு கீது. இட்டுகினு போங்க. படி கூட்றது, மோட்டாரு, எல்லாம் பாத்துக்கும்."

சரி என்றேன். அந்தப் பெண் பையை எடுக்க உள்ளே போனபோது அவரும் கூடவே போனார். கொஞ்ச நேரம் இருவரும் ஏதோ பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்தேன், கேட்கவில்லை. கிளம்பும்போது எனக்கு மோர் கொடுத்தார். வாசல்வரை வந்தார். அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் இறங்கி எஸ்டேட் பஸ் மாறினோம். அந்தப் பெண்ணுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் இவர்? எந்த ஊர்? அந்தத் தழும்பு எப்படி வந்தது? எதுவும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அந்தப் பெண் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஆதார் ஜெராக்ஸ் சார். அக்கா குடுக்கச் சொல்லுச்சு. 'அவுரு கேக்க மாட்டாரு, ஆனா கேக்காம தூக்கம் வராது அவுருக்கு, நீயே குட்துடு'ன்னுச்சு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். நான் தாளைப் பிரித்தேன். பஸ் குலுக்கலில் எழுத்துகள் ஆடின. படத்தையும் அவர் முகத்தையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் எனக்குச் சௌகரியமாக முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினார்.